தங்கராசுக்கு யார் சாட்சி?

மற்ற அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் தங்களைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வார்கள். எனக்கு இவ்வளவு நிலம் இருக்கிறது, எனக்கு இன்னாரைத் தெரியும் என்பார்கள். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் அதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்ல வந்தவர்கள். எங்களை ஊர் தள்ளி வைத்திருக்கிறது, எங்கள் அப்பனையும் பாட்டனையும் தள்ளித்தான் வைத்திருந்தது என்று சொல்ல வந்தவர்கள். சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். அந்த நிரூபணத்தை நம்பலாமா கூடாதா என்று பார்க்கிற வேலை என்னுடையது.

சமீபத்தில் அரியலூரில் ஒரு கல்யாணத்தில், என்னிடம் இளநிலை உதவியாளராக இருந்து இப்போது துணை வட்டாட்சியராகிவிட்ட பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துருது சார். வி.ஏ.ஓ. பாத்துட்டாரு, ஆர்.ஐ. பாத்துட்டாருன்னு வரும், நாங்க ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சுது. நீங்கல்லாம் நேர்ல போயி அப்படி என்னதான் சார் பாப்பீங்க?” என்று கேட்டாள். சாப்பாட்டு இலைக்கு முன்னால் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுக் குடும்பம். பரீட்சை எழுதி, தாலுகா ஆபீசில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, நில அளவைச் சங்கிலி இழுத்து, கிராமக் கணக்குகளைப் படித்து, வருவாய் ஆய்வாளர் ஆனேன். ஊர் வழக்கில் ஆர்.ஐ. நான் ஆர்.ஐ. ஆன காலத்தில்தான் பெரம்பலூர் தனி மாவட்டமாகியிருந்தது. புது மாவட்டம் என்றால் எங்கு பார்த்தாலும் கட்டிட வேலை. ரோடு, சிறுபாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், தொகுப்பு வீடு. இவற்றில் சின்ன வேலைகள் சிலவற்றை ஆதிதிராவிடர் ஒப்பந்தக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஆள் உண்மையிலேயே அந்தச் சமூகம்தானா? தொழிலை உண்மையிலேயே அவர்தான் நடத்துகிறாரா? இரண்டையும் நேரில் போய் விசாரித்து எழுத எங்களிடம் அனுப்புவார்கள்.

இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தவர் கலியபெருமாள் என்ற மனிதர். பெரம்பலூரில் நான் விசாரித்த ஆரம்பகால மனுக்களில் அவருடையதும் ஒன்று. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா. கூடவே மூன்று பெரிய மனிதர்கள் சாட்சிக்கு வந்தார்கள். மூவரும் ஊர்த்தெருக்காரர்கள். “இவரு எங்க ஊரு காலனிதாங்க. நல்ல கான்ட்ராக்டருங்க. சொந்தமா செய்யிறாருங்க” என்று ஒரே வாக்கியத்தை ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். சான்றிதழும் அசல்தான். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் செய்வதாகச் சொன்ன வேலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிவிடலாம் என்று போனேன்.

சுவர் பாதி எழும்பியிருந்தது. நானும் கலியபெருமாளும் மணல் குவியல் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. ஜீப்பின் கதவு திறக்குமுன்பே கலியபெருமாள் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். கை தானாகக் கட்டிக்கொண்டது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. நேரே மேஸ்திரியிடம் போய், “இன்னக்கி செங்கல்லு எத்தன வரி எடுத்தீங்க?” என்று கேட்டார். மேஸ்திரியும் அவருக்குத்தான் பதில் சொன்னார்.

வேறெதையும் நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ‘மனுதாரர் பெயரளவில் மட்டுமே ஒப்பந்தக்காரர்’ என்று எழுதினேன். மனு தள்ளுபடியானது. பிறகு ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கலியபெருமாள் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. “கையெழுத்து போடுறதுக்கு ஏதோ குடுத்துகிட்டு இருந்தாங்க சார். இப்ப வேற ஆளப் புடிச்சிட்டாங்க. அவ்ளோதான்” என்றார். யாரைப் பிடித்தார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. நிறைய சாட்சியோடு வருகிறவர் என்றால் முதலில் சந்தேகப்படுவேன். வெள்ளைச் சட்டையைச் சந்தேகப்படுவேன். யாராவது “இவரு நல்லவருங்க” என்று ஆரம்பித்தால், சொல்கிறவர் யாருடைய ஆள் என்று யோசிப்பேன்.

அரியலூருக்கு மாற்றலாகி வந்தபோது, என்னைவிடச் சந்தேகம் அதிகமான ஒருவர் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார். வட்டாட்சியர் மனோன்மணி அம்மா. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, எப்போதும் வெளிர்நிறக் கைத்தறிப் புடவை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்வார். ‘விசாரித்ததில் தெரியவருகிறது’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அதன் கீழே கோடு விழும்.

“யாரு சொன்னது?”

“அந்த ஊர்ப் பெரியவருங்கம்மா.”

“எங்க நின்னு சொன்னாரு?”

“பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்லங்க.”

“பக்கத்துல யாரு இருந்தா?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். ஒருவர் உண்மை சொல்வதும் பொய் சொல்வதும் அவருடைய குணத்தைப் பொறுத்தது இல்லை, பக்கத்தில் நிற்கிறவரைப் பொறுத்தது என்பது அம்மாவின் அபிப்பிராயம். எங்களையும் அவர் நம்பியதில்லை. கிராமத்துக்குப் போய் வந்தால், “எதுல போனீங்க? திரும்பி வரப்ப யாரு வண்டியில ஏத்திவுட்டாங்க?” என்று கேட்பார். மனுதாரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. ஆனால் அவருடைய அறைக்கு யார் வந்தாலும், விறகு வெட்டுகிறவராக இருந்தாலும், எதிரில் இருக்கும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பேசுவார். நிற்கிற ஆள் அவசரத்தில் பொய் சொல்வான் என்பார். அது மரியாதைக்காகவா, தந்திரமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தங்கராசுவின் மனு அவருடைய மேஜைக்குத்தான் வந்தது. கீழப்பழுவூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். தங்கராசு கொத்தனாராக இருந்து மேஸ்திரியானவர். ஒதுக்கீட்டு ஒப்பந்தக்காரர் பட்டியலில் சேரக் கேட்டிருந்தார். அவருடைய காலனிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடும் ஓடையில் ஒரு சிறுபாலம் கட்ட அப்போது டெண்டர் வரவிருந்தது. மழைக்காலத்தில் அந்த ஓடையைத் தாண்ட முடியாமல் காலனிக்காரர்கள் பிரசவத்துக்குக்கூட ஆளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் போக வேண்டும்.

மனு வந்த கையோடு ஒரு மொட்டைப் பெட்டிஷனும் வந்தது. தங்கராசு அந்த ஊர்ப் பூர்வீகம் இல்லை, எங்கிருந்தோ வந்த குடும்பம், என்ன சாதி என்று ஊரில் யாருக்கும் தெரியாது, சான்றிதழ் ஏமாற்றி வாங்கியது, ஆள் யாருக்கோ பினாமி என்று எழுதியிருந்தது. அம்மா இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்து இல்லாத பெட்டிஷனுக்கு மதிப்பில்ல. ஆனா எழுதுன ஆளுக்கு இதுல ஏதோ நட்டம் இருக்கு. போயி பாருங்க.”

காலையில் போனேன். தங்கராசு வீட்டு வாசலில் ஒரு கலவை மெஷின் நின்றது. அதன் உருளையில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிய தடம் இருந்தது. ‘மா’ என்ற எழுத்து லேசாகத் தெரிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது போல இருந்தது. அந்த வட்டாரத்தில் பெரிய கான்ட்ராக்டர் மாணிக்கம் என்பவர். யூனியன் வேலை எது வந்தாலும் அவர் கைக்குப் போகும். ஒதுக்கீட்டு வேலைகளும் வெவ்வேறு பெயர்களில் அவரிடமே போகின்றன என்று ஊரே பேசும். சரி, இது இன்னொரு கலியபெருமாள் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

“இந்த மெஷின் யாரோடது?”

“என்னோடதுதான் சார்.”

“மாணிக்கம் எழுத்து இருக்கே?”

“அவரோடதா இருந்துச்சி. ஓடாம கெடந்துச்சி, பழைய இரும்புக்குப் போடப் போனாங்க. நான் கேட்டு வாங்கி சரி பண்ணிட்டேன். ஓட்டிக் காட்டவா?”

ஓட்டிக் காட்டினார். ஓடியது. அதனால் என் சந்தேகம் போய்விடவில்லை. பக்கத்து ஊரில் அவர் செய்துகொண்டிருந்த ஒரு தனியார் வீட்டு வேலைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், தனியாகப் போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். தங்கராசு கீழே உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார். மேலே சாரத்தில் இருந்தவர், “அண்ணே, சன்னலுக்கு மேல லிண்டல் எது வரைக்கும்?” என்று கேட்டார். தங்கராசு தலையைத் தூக்காமலே, “செவுத்துக்கு உள்ள அரை அடி ஏறணும், ரெண்டு பக்கமும்” என்றார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். அவரிடமும் தங்கராசுதான் நின்று பேசினார், வேட்டியை இறக்காமல். இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முதல் கேள்விதான் தீரவில்லை. தங்கராசுவின் அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்ய ஜெயங்கொண்டம் பக்கமிருந்து வந்தவர். இந்தக் காலனியில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். அந்தக் காளவாயும் இப்போது இல்லை, அவர் வந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்களும் இல்லை. தங்கராசு மூன்றாவதுவரை படித்த பள்ளியில் பதிவேட்டைக் கேட்டேன். அவர் சேர்ந்த வருஷத்துப் பதிவைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். முந்தின வருஷமும் பிந்தின வருஷமும் நன்றாக இருந்தன. கரையானுக்கு வருஷம் படிக்கத் தெரியுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வெளியே கேட்டுப் பயனில்லை.

காலனிக்காரர்கள் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். ஆனால் எல்லோரும் தாய் வழியிலோ மனைவி வழியிலோ அவருக்குச் சொந்தம். உறவுக்காரர் சாட்சி போதாது, ஊரில் மற்றவர்களும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விசாரணை முறை. ஆகவே ஊர்த்தெருவுக்குப் போனேன்.

அங்கேதான் விசித்திரம். முதலில் என்னை விசாரித்தார்கள். “சாருக்கு எந்த ஊருங்க? ஜெயங்கொண்டத்துல எந்தப் பக்கங்க? சொந்தக்காரங்கல்லாம் எங்கங்க?” என்று சுற்றி வளைத்து, நான் எந்தச் சாதி என்று தெரிந்துகொண்ட பிறகு நாற்காலி போட்டார்கள். பிறகு தங்கராசுவைப் பற்றிக் கேட்டேன்.

“தங்கராசா? பாத்துருக்கேன். என்ன ஆளுன்னு தெரியாதுங்க.”

“அவங்க அப்பன் எங்கேருந்தோ வந்தவங்க. நமக்கு என்ன தெரியும்?”

“அந்தத் தெரு சங்கதியெல்லாம் நாங்க கேக்குறது இல்லீங்க.”

ஒரு பெரியவர் பேச்சுவாக்கில், தங்கராசு சின்னப் பையனாக இருந்தபோது தன் வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளியதைச் சொன்னார். அப்படியானால் அவர் எந்தச் சமூகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் லேசாகத் தொண்டையைச் செருமினார். “மறந்துபோச்சுங்க, வயசாயிடுச்சி” என்று பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். செருமியவர் மாணிக்கத்தின் அக்கா மகன் என்று பிறகு தெரிந்தது.

தெருவில் நடந்தால் சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிற அதே வாய்கள், காகிதத்தில் எழுதக் கேட்டால் தெரியாது என்றன. கலியபெருமாளுக்கு மூன்று பேர் ஓடி வந்தார்கள். நிஜமான ஆளுக்கு ஒருவர்கூட இல்லை. எனக்கு உண்மை தெரிந்துவிட்டது, ஆனால் அம்மாவின் பென்சிலுக்கு முன்னால் வைக்கும்படி கையில் ஒன்றும் இல்லை.

வெயில் ஏறியிருந்தது. சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளால் ரோடெல்லாம் வெள்ளைப் புழுதி. பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். தங்கராசு வந்து பக்கத்தில் நின்றார்.

“யாரும் சொல்லலல்ல சார்?”

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

“வாங்க சார், ஒரு டீ சாப்புடலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. விசாரணை முடிந்த நேரத்தில் மனுதாரர் டீக்குக் கூப்பிடுகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லா ஆர்.ஐ.க்கும் தெரியும். “வேணாங்க. எனக்குப் பழக்கமில்ல” என்றேன்.

“உங்க காச நீங்களே குடுங்க. எனக்கு நான் குடுத்துக்குறேன். அந்தக் கடைக்கு மட்டும் வாங்க சார்.”

அவர் முகத்தில் கெஞ்சல் இல்லை. அதுதான் என்னைப் போக வைத்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கோவிந்தன் என்பவருடைய டீக்கடை. ஒரு மணி நேரத்துக்கு முன் நான் விசாரித்த ஆட்களில் அவரும் ஒருவர். “தங்கராசு என்ன ஆளுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” என்று கையை விரித்தவர். இப்போது என்னைப் பார்த்ததும், “வாங்க சார், ஒக்காருங்க” என்று பெஞ்சைத் துண்டால் தட்டினார். தங்கராசு பெஞ்சுக்கு வரவில்லை. கடைக்கு வெளியே, கூரைக்கம்புக்குப் பக்கத்தில் நின்றார்.

“ரெண்டு டீங்க” என்றேன்.

கோவிந்தன் டீயை ஆற்றினார். எனக்குக் கண்ணாடிக் கிளாஸை வெந்நீரில் அலசி ஊற்றிக் கையில் கொடுத்தார். கூரைக்கம்பில் ஆணியில் தொங்கிய அலுமினிய டம்ளரை, தங்கராசுவே எடுத்து, தொட்டித் தண்ணீரில் கழுவி நீட்டினார். கோவிந்தன் பழக்கம்போல டம்ளரில் படாமல், பாத்திரத்தை உயரத் தூக்கி, அதில் ஊற்றினார்.

டீ பாதி விழுந்துகொண்டிருக்கும்போது தங்கராசு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், நல்லா பாத்துக்குங்க.”

கோவிந்தனின் கை நின்றது. தங்கராசு அந்த டீயைக் குடிக்கவில்லை. டம்ளரை மெதுவாகப் பெஞ்சின் மேல், என் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னால் என் டீயைத் தொட முடியவில்லை.

“என்ன ஆளுன்னு இவருக்குத் தெரியாதாம்” என்றார்.

பஸ்சில் வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை. அவர் என்னைக் கூட்டிப்போனது திட்டமிட்டுத்தான். அதிலும் ஏதாவது நாடகம் இருக்குமோ, கோவிந்தனும் அவரும் சேர்ந்து பேசி வைத்திருப்பார்களோ என்றுகூட யோசித்தேன். என் தொழில் என்னை அப்படி ஆக்கி வைத்திருந்தது. ஆனால் கோவிந்தனின் கை பாதியில் நின்றதை நான் பார்த்திருந்தேன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். பென்சிலை எடுத்தவர் கோடு போடவில்லை.

“டீக்கடை டம்ளர ஃபைல்ல எப்படிங்க வப்பீங்க?”

“நான் கண்ணால பாத்ததுன்னு எழுதுறேங்கம்மா.”

“எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமா? தனி டம்ளர் வக்கிறது குத்தம். நீங்க எழுதி நான் கையெழுத்து போட்டுட்டா, அத போலீசுக்கும் நான் அனுப்பியாகணும். கேசு வரும். அந்தக் காலனியில எல்லாரும் யாரு காட்டுல வேல செய்யிறாங்க?”

“பாதிப் பேரு மாணிக்கம் குடும்பத்துக் காட்டுலங்க.”

“நாளைக்கே வேல இல்லன்னு சொல்லிட்டா?”

அம்மா தங்கராசுவை வரச்சொன்னார். அவர் வந்ததும் எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக.

தங்கராசு கேட்டுக்கொண்டார். “தெரியும்மா. ராத்திரியே தெருவுல ஒக்காந்து பேசிட்டோம். எழுதச் சொல்லிட்டாங்க.”

“எல்லாருமா?”

“ரெண்டு வூட்டுல வேணான்னாங்க. அவங்க பயத்தையும் தப்புன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா எங்க சாதிய வச்சித்தான் எங்களுக்குத் தனி டம்ளரு. அந்தச் சாதிய வச்சி ஒரு வேல கேட்டா மட்டும், நீ யாருன்னே தெரியாதுங்குறாங்க. ஏதாவது ஒண்ணுல அவங்க நிக்கட்டும்.”

அம்மா மனுவை மடித்து எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், “ஜீப் சொல்லுங்க” என்றார்.

முன்கூட்டிச் சொல்லாமல் போனோம். பஞ்சாயத்து அலுவலகத்தில் மேஜை போட்டு விசாரணை. செய்தி பரவி ஊர்த்தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாணிக்கமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா அவருக்கு வணக்கம் சொன்னார். பிறகு எல்லோரையும், மாணிக்கத்தையும் சேர்த்து, வெளியே மரத்தடியில் போய் இருக்கச் சொன்னார். ஒருவர் ஒருவராகக் கூப்பிடுவேன் என்றார். மாணிக்கம் எழுந்திருக்கத் தயங்கினார்.

“நான் சும்மா ஒரு ஓரமா இருந்துக்குறேம்மா.”

“உங்களையும் கூப்புடுவேங்க. உங்க முறை வரட்டும்.”

ஜன்னலைச் சாத்தச் சொன்னார். முதலில் கோவிந்தன். உள்ளே அம்மா, நான், கோவிந்தன் மட்டும். அவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார்.

“பக்கத்துல யாரும் இல்ல. தங்கராசு எந்தச் சமூகம்?”

“தெரியாதுங்கம்மா.”

“சரி. தெரியாத ஆளு உங்க கடைக்கு வந்தா எதுல டீ குடுப்பீங்க?”

“கிளாஸ்லங்க.”

“வெளியூர்லேருந்து, லாரி டிரைவரு மாதிரி யாரு வந்தாலும்?”

“ஆமாங்க, கிளாஸ்லதாங்க.”

“அப்ப தங்கராசுக்கு ஏன் அந்த டம்ளரு?”

கோவிந்தன் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தெரியாது என்றால் டம்ளருக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் தெரியாது என்றது பொய்யாகும். அம்மா அவசரப்படுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தெருவுக்கு அதுதாங்கம்மா” என்றார் கோவிந்தன் கடைசியில். “எங்கப்பா கட வச்ச காலத்துலேருந்து அதுதாங்க. நானா வக்கலங்க.”

“எந்தத் தெரு?”

“காலனிங்க.”

“தங்கராசு அந்தத் தெரு ஆளுதானா?”

“ஆமாங்க. அவங்க அம்மா எங்க வயல்ல நடவு நட்டவங்க. அவன் அப்பனும் அந்தச் சாதிதாங்க. அப்படி இல்லன்னா இவங்க தெருவுல பொண்ணு குடுப்பாங்களாங்க?”

நான் எழுதினேன். கோவிந்தனுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, “என் மேல கேசு வருமாங்கம்மா?” என்று கேட்டார். “வரும்” என்றார் அம்மா. ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. கோவிந்தன் உள்ளே வெகுநேரம் இருந்துவிட்டுத் தலைகுனிந்து வந்ததை மரத்தடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அடுத்து வந்தவர்களிடம் அம்மா முதல் கேள்வியாகவே, “உங்க வூட்டுக் கல்யாணத்துல தங்கராசு எங்க ஒக்காந்து சாப்புட்டாரு?” என்று கேட்டார். சாணி அள்ளிய கதை சொன்ன பெரியவருக்கு ஞாபகம் திரும்பிவிட்டது. கடைசியாக மாணிக்கம் வந்தார். “நமக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்கம்மா. ஊர்ல பேசிக்கிட்டத சொன்னாங்க போல” என்றார். பெட்டிஷன் எழுதியது யாரென்று அம்மா கேட்கவில்லை. ஜீப்பில் திரும்பும்போது ஏன் கேட்கவில்லை என்றேன். “கேட்டா இன்னொரு பொய் சொல்லுவாரு. அதையும் நீங்க எழுதணும்” என்றார்.

சான்றிதழ் செல்லும் என்று உத்தரவானது. தங்கராசு பட்டியலில் ஏறினார். டெண்டரில் ஓடைப்பாலம் அவருக்கே கிடைத்தது. கோவிந்தன் மேல் கேஸ் பதிவானது. அது எப்படி நகர்ந்தது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டதாக ஒரு காகிதம் வந்தது என்று சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை நான் நம்பவில்லை. கடையில் அதன் பிறகு எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுத்தார்கள். காலனியில் பதினைந்து நாள்போல யாருக்கும் காட்டு வேலை இல்லை. தங்கராசு தன் பாலத்து வேலைக்கு அவர்களில் முடிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மனோன்மணி அம்மா வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். வழியனுப்பும் நாளில்கூட என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மாவட்டம் பிரிந்தது, மறுபடி சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் கோப்புகள் மூட்டையாக லாரியில் ஏறி இறங்கின. நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, வேறு ஒரு நில விவகாரமாக அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பாலம் நன்றாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த நேரம். ஓடையில் செம்மண் தண்ணீர் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. காலனிப் பெண்கள் இருவர் தலையில் புல்லுக்கட்டோடு பாலத்தில் நடந்து போனார்கள். கைப்பிடிச் சுவரில் வழக்கம்போல வேலையின் பெயர், திட்டத்தின் பெயர், அதன் கீழே ஒப்பந்தக்காரர் என்று எழுதியிருந்தது. ஒப்பந்தக்காரர் என்பதற்கு நேரே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கெட்டியாகத் தார் பூசியிருந்தது. அதன் மேல் வெள்ளை அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அதன் மேலும் தார் பூசியிருக்கிறார்கள்.

நான் வந்திருப்பது தெரிந்து தங்கராசு சைக்கிளில் வந்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்து ஊரில் பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்று கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒதுக்கீட்டில் இல்லை, பொது டெண்டரில் எடுத்தது என்றார். என் ஆரோக்கியம் விசாரித்தார். மனோன்மணி அம்மா எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டார்.

எனக்கு அந்தத் தாரிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பழைய வழக்கம், கேட்டுவிட்டேன்.

“யாரு பூசுனதுன்னு தெரியுமா?”

தங்கராசு சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டி எடுத்தார்.

“தெரியும் சார். சொன்னா சாட்சி கேப்பீங்க.”